முழங்கால் ஆறு, கழுத்து ஆறு

போன மாதம் வரை எங்கள் வீட்டு டிவி அலமாரியில் ஓர் ஆறு இருந்தது. ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள பலகைத் துண்டு. அதன் நடுவே நாலு விரல் அகலத்துக்குப் பழுப்பு நிறத் தண்ணீர், தண்ணீருக்கு அடியில் கடுகளவு கூழாங்கற்கள், கரையோரம் தேங்காய் நாரில் செய்த நாணல். ஆற்றின் குறுக்கே ஒரு வண்டிப்பாதை இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரையில் ஏறும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று சொல்வார்கள். கொலுவில் மிஞ்சியதா என்று கேட்டவர்கள் உண்டு. ஏதோ அலங்காரத் தட்டு என்று நினைத்து வண்டிச் சாவியை அதன்மேல் போட்ட சொந்தக்காரர் ஒருவர் இன்னமும் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் அன்றைக்கு அப்படிச் சத்தம் போட்டேன். அந்த ஆற்றைச் செய்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். கள்ளக்குறிச்சியில் பெயின்ட் கடை வைத்திருந்தார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது எலவனாசூர்கோட்டையில், பெண் பார்க்கப் போன அன்று. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துப் பெரியவர்கள் மழையைப் பற்றியும் கரும்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது, பெண்ணின் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நகக்கண்ணில் பச்சை பெயின்ட் ஒட்டியிருந்தது. சம்பளம் கேட்பார், குடி உண்டா என்று கேட்பார் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன். அவர் யாருக்கும் கேட்காத குரலில், "செஸ் ஆடுவீங்களா?" என்றார். ஆடுவேன் என்றேன். "தோத்தா கோவம் வருமா?" என்றார். வராது என்று பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் புத்தியை எடை போட்டுப் பார்த்திருக்கிறார் என்று நானும் பெருமையாக வீடு வந்து சேர்ந்தேன். தங்கைக்கு மாப்பிள்ளை தேடிய கையோடு தனக்கொரு எதிரியையும் தேடியிருக்கிறார் என்பது தலை தீபாவளிக்குப் போனபோதுதான் தெரிந்தது.

தீபாவளி அன்று எண்ணெய்க் குளியல், பலகாரம் எல்லாம் முடிந்ததும் என்னைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனார். பழைய கதவொன்றைப் பெட்டிகளின்மேல் கிடத்தி மேசையாக்கியிருந்தார். அந்த மேசையில் ஒரு நாடு இருந்தது. மலை, காடு, சாலை, ஆறு, அவற்றுக்கு நடுவே கட்டைவிரல் நகம் உயரத்துக்குப் போர்வீரர்கள். வெளிநாட்டுக்காரர்கள் இப்படி மேசைமேல் நாடு செய்து போர் ஆடுவதைக் கம்ப்யூட்டரில் பார்த்துத் தானும் தொடங்கியதாகச் சொன்னார். பகடை உருட்டி, அளவுகோல் வைத்து அளந்து படையை நகர்த்த வேண்டும். சாலையில் ஒரு சாண் போகலாம், காட்டில் அரைச் சாண்தான். ஆளுக்கொரு பக்கம். விவரத்தைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அப்போது காபி கொண்டுவந்த என் மனைவி, தம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகிற போக்கில் மேசையிலிருந்த ஒரு குதிரையை எடுத்துக் காட்டோரமாக வைத்துவிட்டுப் போனாள். இடைஞ்சலாக இருந்ததை ஒதுக்கி வைக்கிறாள் என்று நினைத்தேன். அன்று மாலை நான் தோற்றேன். ராத்திரிச் சாப்பாட்டில் யாரோடும் பேசவில்லை. மச்சான் என் இலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னொரு வடை வைத்தார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டு மாடி அறைதான். பழைய கதவும் அங்கேயே வந்து சேர்ந்தது. போர் என்னமோ மாதத்தில் ஒரு நாள்தான், மற்ற நாளெல்லாம் நாடு செய்கிற வேலை. மச்சானுக்கு ஆறு செய்வதில்தான் உயிர். பலகைத் துண்டின்மேல் சுவருக்கு அடிக்கிற பட்டியைப் பசையோடு குழைத்துக் கரை எழுப்புவார். டீ வடிகட்டியில் சலித்த ஆற்று மணலைக் கரைமேல் தூவுவார். அடியில் நடுவே அடர் நிறம், ஓரம் வர வர வெளிர் நிறம். அது காய்ந்ததும் வார்னிஷ். ஆற்றில் தண்ணீர் என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அந்த வார்னிஷ்தான். மெல்லிசாக ஒரு கோட் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அடுத்த கோட். பொறுமை இல்லாமல் மொத்தமாக ஊற்றினால் மேலே தோல் கட்டிச் சுருங்கிப் பாலாடை மாதிரி ஆகிவிடும். வெயில் இல்லாவிட்டால் காயவே காயாது. அதனால் எங்கள் ஆறுகள் எல்லாம் கோடையில் பிறந்தவை. கோமுகி ஆறு மணல் மணலாகக் கிடக்கும் சித்திரை வைகாசியில் எங்கள் மொட்டை மாடியில் வரிசையாக ஆறுகள் பளபளத்துக் கிடக்கும், காக்கை வந்து ஏமாந்து கொத்திப் பார்க்கும்.

சாலை என் வேலை. நான் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் உட்காருகிறவன். நாள் முழுக்க டிராக்டரும் லாரியும் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருப்பதே பிழைப்பு என்பதால், பாதையில் சக்கரம் எங்கே ஆழமாகப் பதியும், திருப்பத்தில் எந்தப் பக்கம் மண் சரியும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தார்ச்சாலைக்கு உப்புத்தாளை வெட்டி ஒட்டிக் கருப்படிப்பேன். மண்பாதைக்குப் பட்டியைப் பூசி, அது இறுகுவதற்கு முன் பொம்மை வண்டியை உருட்டித் தடம் எடுப்பேன். காய்ந்த பிறகு, வடிகட்டி எறிகிற டீத்தூளை உலர்த்தித் தூவினால் அசல் செம்மண் புழுதி. மழைக்காலத்தில் வீடுகளுக்கு யாரும் பெயின்ட் அடிக்க மாட்டார்கள், மச்சானுக்குக் கடையில் வேலை இருக்காது. ஆனால் வார்னிஷ் காயாதே. ஆகவே மழையில் அவர் என் சாலை வேலைக்கு எடுபிடி. வெளியே நிஜச் சாலைகள் குண்டும் குழியுமாகக் கரைந்துகொண்டிருக்கும்போது, நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து உள்ளங்கை அகலச் சாலைகளுக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருப்போம். எந்தத் துண்டை எங்கே வைத்தாலும் இணைய வேண்டும் என்பதற்காக, ஆறானாலும் சாலையானாலும் பலகை விளிம்பின் சரிபாதியில் தொடங்கிச் சரிபாதியில் முடிய வேண்டும். இந்த அளவில் நூலிழை பிசகினாலும் நான் விடமாட்டேன். எடைமேடையில் வந்த புத்தி.

ஒரு கார்த்திகை மாதம், ஆற்றுத் தண்ணீருக்கு என்ன நிறம் என்று பார்ப்பதற்காகவே வண்டியில் மலைக்குப் போனோம். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலையில் ஏற ஏற மேகம் சாலைக்கு இறங்கிவிட்டது. வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஓடையொன்று சாலையை மூழ்கடித்துப் போய்க்கொண்டிருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே வெகுநேரம் பார்த்தார். "நீலமாவா இருக்குது? டீ மாதிரி இருக்குது பாருங்க மாப்ள. இத்தினி நாளா நாம நீலம் அடிச்சிக்கினு இருந்தோம்" என்றார். அவர் குரலில் இருந்த வெட்கத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. மூங்கில் புதர்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேகம் ஒரு முறை விலகியபோது கீழே கோமுகி அணைத் தண்ணீர் தெரிந்தது, மறுபடி மூடிக்கொண்டது. எது மலை, எது மேசை என்று எனக்கே ஒரு நிமிடம் தடுமாறியது. இரண்டு பெரிய கைகள் வானத்திலிருந்து இறங்கி எங்களை வண்டியோடு தூக்கி ஒரு சாண் தள்ளி வைத்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

நாட்டை விரித்து முடித்ததும் மச்சான் செய்யும் காரியம் ஒன்று உண்டு. கன்னத்தை மேசையில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படைவீரன் உயரத்திலிருந்து ஆற்றைப் பார்ப்பார். என்னையும் பார்க்கச் சொல்வார். அப்படிப் பார்த்தால் நாலு விரல் ஆறு அக்கரை தெரியாத ஆறாகிவிடும். வார்னிஷில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து நீளமாக நடுங்கும், மின்விசிறியின் நிழல் மேகம் மாதிரி ஊர்ந்து போகும். நானும் என் சாலையின் ஓரத்தில் கன்னம் வைத்துக் கிடப்பேன். நாற்பதை எட்டிப்பிடிக்கப் போகிற இரண்டு ஆம்பளைகள் எதிரும் புதிருமாக மேசையில் தலைசாய்த்துக் கிடப்பதைப் பார்த்து, டீ கொண்டுவருகிற என் மனைவி தம்ளரை வைத்துவிட்டுப் போவாள். பிறகு மச்சான் நிமிர்ந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் கேட்கிற கேள்வியைக் கேட்பார்.

"இந்த ஆறு இன்னா ஆறு?"

முழங்கால் ஆறு என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால், படை எங்கே வேண்டுமானாலும் இறங்கி மெதுவாகக் கடக்கலாம். கழுத்து ஆறு என்றால் பாலத்தைத் தவிர வேறு வழியில்லை. ஆட்டத்தின் தலையெழுத்தே அந்த ஒரு பதிலில்தான் இருக்கிறது. கேட்காமல் பகடையைத் தொடக்கூடாது என்பது எங்கள் சட்டம். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு நாள் கேட்க மறந்தோம்.

அது ஒரு மாசி மாத ஞாயிறு. முந்தைய கோடை முழுக்கச் செய்து, எனக்குக் காட்டாமல் வைத்திருந்த புது ஆற்றை அன்றுதான் கொண்டுவந்தார். ஒன்பது துண்டுகள். துண்டு துண்டாகச் செய்தித்தாளைப் பிரித்து மேசையில் வைக்க வைக்க நான் மேசையை நெருங்கி நெருங்கிப் போனேன். ஓரத்தில் தேன் நிறம், நடுவில் கருமை, பாறை இடறும் இடத்தில் வெள்ளை நுரை, அடியில் ஒவ்வொன்றாக எண்ணலாம் போலக் கூழாங்கல். கன்னம் சாய்த்துப் பார்த்துக்கொண்டே கிடந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, கனவில் நடக்கிற மாதிரி பகடையை எடுத்து ஆட ஆரம்பித்துவிட்டோம். ஆற்றின் அழகைப் பார்த்தவர்களுக்கு அதன் ஆழத்தைக் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைய ஆட்டத்தில் நான் மலை நாட்டுக்காரன். பாலத்தில் என் ஆட்கள் அத்தனை பேரையும் நிறுத்தி, வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று இருந்தேன். மச்சான் ஆறு குதிரைகளை எடுத்து, பாலத்துக்கு வெகுதூரம் தள்ளி ஆற்றில் இறக்கினார்.

"இன்னா மச்சான், ஆத்துல எறங்கிட்டீங்க?"

"முழங்கால்தானே மாப்ள."

"யாரு சொன்னது?"

"அடியில கல்லு தெரியுது பாருங்க. கழுத்து ஆறா இருந்தா கல்லு தெரியுமா?"

"நடுவுல கருப்பா அடிச்சது நீங்கதானே. ஆழம் இல்லாமயா கருப்பா இருக்குது?"

"செஞ்சவன் சொல்றேன், முழங்கால்."

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. எடை சரியில்லை என்று ஒரு டிராக்டரைத் திருப்பி அனுப்புகிற அதே குரலில், "வார்னிஷ ஊத்திட்டா ஆறாயிடுமா மச்சான்? கடையில மிஞ்சினதுதானே" என்றேன். வாயிலிருந்து வெளியே வந்த அந்த நொடியே அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மச்சான் முகத்தில் கோபம் வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிங்க மாப்ள" என்றார். குதிரைகளை எடுத்து ஓரமாக வைத்தார். ஒன்பது துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஆறு இருந்த இடத்தில் என் பாலம் மட்டும் நின்றது. அதற்கு அடியில் வெறும் கதவு.

சத்தம் கேட்டு மேலே வந்த என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "ஆழம் கேக்காமயா ஆரம்பிச்சீங்க ரெண்டு பேரும்?" என்பது. பொதுவாக என்னைக் குறை சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதங்களில் நான் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மச்சான் கடை இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனேன். மகளுக்கு மூன்று வயது. ஆனி மாதம் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று நாள் குறித்திருந்தோம். அதற்காக வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. பெயின்டை நான் வேறு கடையில் வாங்கினேன். மச்சான் இருக்க வேறு கடை. அந்தக் கடைக்காரரே டப்பாவை எடுத்து வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பூசி முடித்த அன்றைக்கு என் மனைவி புது வாசனை அடிக்கிற கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்து போனாள். காது குத்த வேண்டுமானால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய், வெற்றிலை பாக்கு வைத்து, முதல் அழைப்பை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். நான் ஆலையில் வேலை என்று சொல்லிவிட்டேன். அவள் தனியாகப் போய்த் தட்டை வைத்துவிட்டு வந்தாள்.

"வரேன்னாரா?" என்று கேட்டேன்.

"கரும்பு அரவைதான் முடிஞ்சி போச்சே, ஆலையில இன்னா வேலைன்னு கேட்டாரு. நான் இன்னாத்த சொல்றது?" என்றாள். பிறகு, "எனக்குன்னு இருக்கறது ஒரு அண்ணன். அவர் மடி இல்லாம என் பொண்ணுக்குக் காது குத்துனா, அப்புறம் எனக்கு அந்த வூடு இல்லைங்க" என்றாள். அழவில்லை. அன்று இரவே நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளை போகலாம், நாளை போகலாம் என்று நாள் வந்துவிட்டது.

ரிஷிவந்தியம் போகிற சாலையில் இறங்கி, வயல் வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் கோயில். பத்தரைக்குள் நல்ல நேரம். பத்து மணிக்கு எல்லோரும் வந்தாகிவிட்டது. மொட்டையடிக்க நாவிதர் தயார், ஆசாரி தங்கக் கம்பியைச் சின்னத் துணியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேப்பமரத்தடியில் தாய்மாமனுக்குப் போட்ட பலகை காலியாகக் கிடந்தது. ஒன்றுவிட்ட மாமன் யாரையாவது உட்கார வைத்து முடியுங்கள் என்று என் பக்கத்துச் சொந்தத்தில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். என் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பையே பார்த்து நின்றாள். அவள் ஒரு தடவைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பலகையில் ஊற்றிய வார்னிஷுக்காக அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்று தோன்றியது. சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தடவினேன். கள்ளக்குறிச்சிக்குப் போய்க் காலில் விழுந்தாவது கூட்டி வரலாம், நேரம்தான் போதாது.

அப்போது வரப்பில் வரிசையாகத் தட்டுகள் வந்தன. முன்னால் மச்சானின் மனைவி பூத்தட்டோடு, பின்னால் சொந்தக்காரப் பெண்கள் பழம், தேங்காய், வெல்லம், பட்டுப்பாவாடை என்று சீர் தட்டுகளோடு. கடைசியில் மச்சான். சிவப்புத் துண்டு போட்டு மூடிய தட்டொன்றைத் தானே ஏந்திக்கொண்டு, சேற்றில் வழுக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தார். தங்கையிடம் போகவில்லை. நேராக என்னிடம் வந்து அந்தத் தட்டை நீட்டினார். துண்டை விலக்கினேன். வெற்றிலையின்மேல் ஓர் ஆறு இருந்தது.

பத்தாவது துண்டு. அந்த ஒன்பதோடும் சேரும்படி அதே தேன் நிறம், ஆனால் நடுவில் கருமை இல்லை. கரை சரிந்து இறங்கிய இடத்திலிருந்து எதிர்க்கரை வரைக்கும் கல் தெரிகிற தண்ணீர். இரண்டு கரையிலும் பாதை வர வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் பலகை, அதில் பென்சில் கோடு.

"இது ஒண்ணுதான் முழங்கால் மாப்ள, எறங்கிக் கடக்கற துறை. மத்தது ஒம்போதும் நீங்க சொன்னாப்பல கழுத்துதான்" என்றார். பிறகு அந்தப் பென்சில் கோட்டைக் காட்டி, "ரோடு உங்க வேலை. நான் தொடல" என்றார்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "எத்தினி கோட்டு அடிச்சீங்க?" என்றுதான் வந்தது. "பதினாலு" என்றார். அவ்வளவு பேருக்கு நடுவில், கையில் தட்டோடு, மூக்கைத் துடைக்கக்கூட முடியாமல் நான் அழுதேன். சுற்றியிருந்தவர்கள் சீரைப் பார்த்து மாப்பிள்ளை நெகிழ்ந்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். மச்சான் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். என் மனைவி பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். ஆசாரி கம்பியைச் செருகும்போது பிள்ளை மாமன் விரலைக் கடித்த தடம் ஒரு வாரம் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு வரப்பில் நடந்துகொண்டே சொன்னார். வைகாசியில் மலையில் கோடை மழை பெய்த அன்று, தனியாகத் தண்ணீர் பார்க்கப் போயிருக்கிறார். நாங்கள் முன்பு நின்ற அதே ஓடை. மலைக்காரப் பெண்கள் நாலைந்து பேர் விறகுக் கட்டோடு வந்து, சாலை மூழ்கிய இடத்தில் இறங்காமல், மேலே கொஞ்ச தூரம் போய் ஓரிடத்தில் நிதானமாக இறங்கிக் கடந்து போனார்களாம். "ஒரே ஆறுதான் மாப்ள. இங்க கழுத்து, நாலு எட்டு வச்சா முழங்கால். நாமதான் மொத்த ஆறும் ஒண்ணாவே இருக்கணும்னு அடிச்சிக்கினோம்." அதைச் சொல்லிவிட்டு, "வெள்ளையடிச்ச பெயின்ட்டு ஒரு வருசம்கூடத் தாங்காது, பாத்துக்கினே இருங்க" என்றார். அது எட்டு மாதத்தில் உரிந்தது. அவரே வந்து சுரண்டிவிட்டு வேறு அடித்துக் கொடுத்தார்.

துறையில் பாதையை நான் போட்டு முடிக்க இரண்டு ஞாயிறு ஆனது. பிறகு எத்தனையோ வருடம் ஆடினோம், எத்தனையோ ஆறு செய்தார். ஒரு புரட்டாசி மாதக் காலையில், கடை ஷட்டரைத் திறக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி ஆறும் சாலையும் இருந்த பெட்டிகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நான் துறையை மட்டும் எடுத்து டிவி அலமாரியில் வைத்துவிட்டு மற்றதைப் பிரிக்காமல் மாடியில் போட்டேன். எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லாத மேசையை விரித்து என்ன செய்வது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிற்பகல். மாடியில் கதவை இழுக்கிற சத்தம் கேட்டு ஏறிப்போனேன். என் மனைவி பழைய கதவைக் கிடத்தி, பெட்டிகளைப் பிரித்து, நாட்டை விரித்துக்கொண்டிருந்தாள். நானே பத்து நிமிடம் யோசிக்க வேண்டிய திருப்பங்களை அவள் பூத்தொடுக்கிற வேகத்தில் சேர்த்துக்கொண்டு போனாள். விளிம்பு விளிம்போடு சரியாகப் பொருந்தியது. நடுவில் ஒரு சாண் இடம் மட்டும் காலி. "டிவி கிட்ட இருக்கறத எடுத்துக்கினு வாங்க" என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன். அதைப் பொருத்திவிட்டு மச்சானின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கன்னத்தை மேசையில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இந்த ஆறு இன்னா ஆறு?"

இது எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணனுக்கு எதிர்ல யாரு ஆடுனான்னு நெனச்சீங்க?" என்றாள். "இந்தக் கேள்வியே நான் கேட்டதுதான். சின்ன வயசுல கெணத்து மோட்டார் கொட்டா வாய்க்கால்ல புளியங்கொட்டைய வச்சி ஆடுவோம். அவரு எப்பவும் கேக்காமயே எறங்கிடுவாரு."

தலை தீபாவளியில் காட்டோரம் நகர்ந்த குதிரை ஞாபகம் வந்தது. அது இடைஞ்சலை ஒதுக்கியது அல்ல, ஆட்டத்தில் ஒரு நகர்த்தல். பெண் பார்க்க வந்தவனிடம் செஸ் ஆடுவீங்களா என்று கேட்டவர், அதுவரை தன்னோடு ஆடிக்கொண்டிருந்த ஒருத்தியை அன்றைக்கு அனுப்பிவைக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். இத்தனை வருட ஞாயிறுகளில் எத்தனை தம்ளர் டீ. ஒரு முறைகூட, நீ ஆடுகிறாயா என்று நான் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"ஏன் சொல்லவே இல்ல?"

"அண்ணனுக்கு ஆளு கெடச்சிடுச்சி. மேசைக்கு ரெண்டு பக்கந்தானே" என்றாள். சொல்லிவிட்டு எதிர்ப்பக்க நாற்காலியைக் கண்ணால் காட்டினாள். உட்கார்ந்தேன்.

"கழுத்து ஆறு. துறையில மட்டும் முழங்கால்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் பகடையை எடுத்தாள்.

மழை விடுவதற்குள் இரண்டு ஆட்டம் தோற்றேன். மச்சான் என்னை அவ்வளவு சீக்கிரம் தோற்கடித்ததே இல்லை. துறை இப்போது மாடியில் மேசைமேல் இருக்கிறது, ஞாயிறுதோறும் வேலை இருப்பதால் அதைக் கீழே கொண்டுவருவதில்லை. டிவி அலமாரியில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் வண்டிச் சாவியை அங்கேதான் வைக்கிறார்கள்.